வட்டத்துக்குள் நிற்காத முகம்

கிட்டத்தில் வந்து உட்காருங்கள். இன்னும் கொஞ்சம் நெருங்கி வாருங்கள், முழங்கால் இடித்தால் பரவாயில்லை. சொல்லப்போகிறது சத்தம் போட்டுச் சொல்கிற சங்கதி இல்லை. சண்முகத்தாய் என்று ஒருத்தி, எங்கள் பக்கத்துப் பால்வாடி டீச்சர். பால்வாடி என்றால் ரெண்டு வயசிலிருந்து அஞ்சு வயசு வரைக்கும் உள்ள பிள்ளைகளை வைத்துப் பார்த்து, மத்தியானம் சோறும் முட்டையும் போட்டு அனுப்புகிற இடம், உங்களுக்குத் தெரியாததில்லை. ஊரில் அவளுக்குக் கெட்டிக்காரி என்று பெயர். அந்தக் கெட்டிக்காரி ஐப்பசி மாசத்து வியாழக்கிழமை ஒன்றில், காலை பதினோரு மணியிலிருந்து மத்தியானம் மூன்று மணிக்குள், நாலு வயசுப் பையன் ஒருத்தனுடைய முகத்தைப் போனில் பிடிக்கப் பார்த்தாள். நடந்தது அவ்வளவுதான். யாரும் சாகவில்லை, யாரும் யாரையும் அடிக்கவில்லை. அவள் மண்டைக்குள்ளே ஓடினதுதான் மிச்சமெல்லாம், அதைத்தான் சொல்லவேண்டும்.

இடம் ஒரே அறை. சர்க்கார் கட்டடத்தின் மேல்கூரை பேர்ந்து விழுந்தபிறகு வாடகைக்குப் பிடித்தது, ஒருகாலத்தில் தீப்பெட்டி அட்டை அடுக்கின கிட்டங்கி. ஒரே ஒரு ஜன்னல், அதைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர் மூக்கை இடிக்கும். நாலு நாளாக மழை, காலையிலிருந்து கரண்டு இல்லை. அந்த இருட்டுக்குள் பதினேழு பிள்ளைகள், பதினாறு பேர் சுவரோரம் உட்கார்ந்து மண்பொம்மையையும் மூடி போன டப்பாவையும் வைத்து விளையாட, பதினேழாவது பிள்ளை சீனிராஜ் மட்டும் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தான். சண்முகத்தாய் குத்த வைத்து உட்கார்ந்து, ஆபீசில் கொடுத்த போனை ரெண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, அவன் பின்னாலேயே திரும்பினாள். போனில் ஒரு வட்டம் இருக்கிறது. பிள்ளையின் முகம் அந்த வட்டத்துக்குள் நிற்க வேண்டும், நின்று ஒருதரம் கண்ணைச் சிமிட்ட வேண்டும், அப்போது வட்டம் பச்சையாகும். பச்சையானால் அந்தப் பிள்ளை உண்டு. இப்போது வட்டம் சிவப்பாக இருந்தது. முகம் தெளிவாக இல்லை, மீண்டும் முயற்சிக்கவும். எழுத்தாகத்தான் வருகிறது, ஆனால் அவள் காதில் அது ஹெலன் மேடத்தின் குரலாக விழுந்தது, ஹெலன் மேடம் இந்த வட்டாரத்துப் பால்வாடிகளுக்கெல்லாம் சூப்பர்வைசர், அவள் சாவகாசமாக மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொல்வதுபோல, மீண்டும் முயற்சிக்கவும் டீச்சர், மீண்டும். படத்தைப் பார்த்தாள். ஒரு சட்டை இருந்தது, சட்டைக்கு மேலே யாரோ ஈரத்துணியால் கரும்பலகையைத் துடைத்த மாதிரி ஒரு இழுப்பு. கண் இருக்கவேண்டிய இடத்தில் ரெண்டு கோடு. நல்ல வெளிச்சமாக இருந்தால் இந்தப் போன் சட்டென்று பிடித்துவிடும், இருட்டில் அது கண்ணை மெதுவாகத் திறந்து மெதுவாக மூடுகிறது, அது திறந்து மூடுவதற்குள் இவன் சுவரிலிருந்து சுவருக்குப் போய்த் திரும்பிவிடுகிறான். வாசலில் நிறுத்தி எடுக்க வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள், அவளும் அதைத்தான் முதலில் செய்தாள். வாசலுக்கு வெளியே முழங்கால் தண்ணீர், வாசல்படியில் நிறுத்தினால் முதுகுக்குப் பின்னால் வெளிச்சம், முகம் சட்டிக்கரியாக விழுந்தது. மீண்டும் முயற்சிக்கவும்.

"ஏலே சீனி, இங்க பாருல, டீச்சர் கையில என்ன இருக்குன்னு பாரு." அவன் பார்த்தான், பார்த்துக்கொண்டே ஓடினான். ஓடுகிறவன் சிரிக்கவும் செய்தான், அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை, இவ்வளவு சிரிக்கிற முகத்தில் ஒரு துளியைக்கூட இந்தக் கண்ணாடித் துண்டு ஏந்தமாட்டேன் என்கிறதே. வெள்ளைத் துண்டை ஜன்னலுக்கு எதிரே கட்டிப் பார்த்தாள், இருக்கிற வெளிச்சம் அதில் பட்டு முகத்தில் விழுமே என்று. டப்பாவில் கல் போட்டுக் குலுக்கிப் பார்த்தாள். ஆயா பேச்சிக்கனியை விட்டு அவளுடைய பட்டன் போனில் டார்ச்சு அடிக்கச் சொன்னாள். வெளிச்சம் சுவரில் விழுந்ததுதான் தாமதம், சீனிராஜ் அதைப் பிடிக்கப் பாய்ந்தான், அவனைப் பார்த்து மற்ற பதினாறும் எழுந்து பாய்ந்தன, அறை முழுக்கக் கோழிக்கூட்டைத் திறந்துவிட்ட மாதிரி ஆயிற்று. பேச்சிக்கனி டார்ச்சை அணைத்துவிட்டு இடுப்பில் கைவைத்துச் சிரித்தாள். அவளுக்கு வயசு அறுபதை ஒட்டி, வாய் மட்டும் இருபது. "பம்பரத்துக்கு மூஞ்சி ஏது டீச்சரு? நின்னாத்தான மூஞ்சி. இவங்க ஆத்தா வயித்துலயே எட்டு மாசத்துல குதிச்சு வந்தவன்." "நீங்க சும்மா இருங்க பேச்சிக்கா, எனக்கு நேரம் போயிக்கிட்டிருக்கு." "எனக்கு உலை கொதிக்குது, நான் வாரேன்." அவள் மறைப்புக்குப் பின்னால் அடுப்படிக்குப் போய்விட்டாள். வேகிற சோற்றின் மணம் வந்தது. சண்முகத்தாய் மணியைப் பார்த்தாள். பதினொன்றரை.

தப்பு அவளுடையது. அதை அவள் தனக்குத்தானே காலையிலிருந்து நாற்பது தடவை சொல்லிவிட்டாள், ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் வந்து நூல் சிக்கிக்கொள்கிறது. ஆனி மாசம் இந்தப் போனைக் கொடுத்து எல்லாப் பிள்ளைகளின் முகத்தையும் பதியச் சொன்னபோதும் இவன் இதே மாதிரிதான் ஓடினான். மற்ற ஊர் டீச்சர்கள் கூட்டத்தில் அழுதார்கள், எங்க பிள்ளைக நிக்க மாட்டேங்குது மேடம் என்று. சண்முகத்தாய் அழவில்லை. சீனிராஜுக்கு ஒரு வயசு மூத்தவன் காளிராஜ், அவனும் அப்போது இதே பால்வாடியில்தான் இருந்தான், சிலைமாதிரி உட்காருகிற பையன், அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் ஒரே மூக்கு, ஒரே நெற்றி, தாய் தங்கப்புஷ்பமே அவசரத்தில் பெயரை மாற்றிக் கூப்பிடுவாள். காளிராஜை இழுத்து உட்காரவைத்து, தம்பியின் பெயருக்கு நேரே அண்ணன் முகத்தைப் பதிந்துவிட்டாள். கிளி மாதிரி ஒரே ஒரு சிமிட்டு. பச்சை. அண்ணனுக்கு வயசு ஆகிப் பள்ளிக்கூடம் போகிற நேரம், அவன் பெயர் எப்படியும் கழியப்போகிறது, முகம் சும்மா கிடக்கிற முகந்தானே என்று நினைத்தாள். பேச்சிக்கனி கைதட்டினாள், "கெட்டிக்காரிதான் டீச்சரு நீங்க." ஆமாம், அன்றைக்கு அவளுக்கும் அப்படித்தான் இருந்தது, தண்ணிக்குடம் தளும்பாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கின மாதிரி. அப்புறம் மாசாமாசம் சத்துமாவு கொடுக்கிற அன்றைக்குக் காளிராஜைப் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு எட்டுக் கூட்டிக்கொண்டு வந்து போனுக்கு முன்னால் காட்டுவார்கள், அது சீனிராஜ் வந்தான் என்று எழுதிக்கொள்ளும், சீனிராஜ் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருப்பான். யாருக்கு என்ன நட்டம்? மாவு போய்ச் சேரவேண்டிய வயிற்றுக்குத்தானே போனது? புரட்டாசியில் தங்கப்புஷ்பத்தின் தம்பி வந்து காளிராஜைத் திருப்பூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான், அங்கேயே படிக்கட்டும் என்று. முகம் பஸ் ஏறிப் போய்விட்டது. இங்கே பெயர் மட்டும் நிற்கிறது. இந்த மாசம் முகம் காட்டவில்லை என்றவுடன் ஆபீசிலிருந்து ஒரு வார்த்தை வந்தது, இல்லாத பிள்ளை. சீனிராஜ், வயசு நாலு, எடை பதினொரு கிலோ, எடை அட்டையில் வயசுக்குப் போதாத சிவப்புக் கட்டத்தில் இருக்கிறவன், இல்லாத பிள்ளை.

இல்லாத பிள்ளை அவள் தோளைத் தொட்டுவிட்டு ஓடினான். "டீச்சர் அவுட்டு!" ஓடிப்பிடித்து விளையாடுகிறார்கள் என்று நினைத்துவிட்டான். அவள் வட்டத்தைத் தூக்கினாள், தாழ்த்தினாள். ஒரு தடவை முகம் உள்ளே வந்தே வந்துவிட்டது, கண், மூக்கு, சளி காய்ந்த மேலுதடு, விரல் அழுத்தப் போனது, தலை திரும்பிவிட்டது, காதுதான் விழுந்தது. காது நன்றாகத் தெளிவாக விழுந்தது. காதை வைத்து என்ன செய்ய. அவளுடைய கல்யாணப் படத்தில் அவளுக்கும் முகம் இல்லை, உங்களுக்கு அது தெரியுமா. இருபத்தெட்டு வருசத்துக்கு முந்தி, அன்றைக்கும் மழை, மண்டபத்தில் கரண்டு போய்ப் பெட்ரோமாக்ஸ் வைத்திருந்தார்கள், படம் எடுக்கிறவன் அசையாதீங்க அசையாதீங்க என்று சொல்லிக்கொண்டே இருந்தான், அவள் அம்மா எங்கே நிற்கிறாள் என்று ஒரு நொடி திரும்பிப் பார்த்துவிட்டாள். மாப்பிள்ளை இருக்கிறார், மாலை இருக்கிறது, மாலைக்கு மேலே புகை. மாமியார் அதைச் சட்டம் போட்டு மாட்டிவைத்துக்கொண்டு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டினாள், எங்க வீட்டுக்கு வந்த மருமகளப் பாருங்க, மூஞ்சியே கொண்டு வரல என்று. சிரிப்பார்கள். இவளும் சேர்ந்து சிரிப்பாள், சிரித்துவிட்டு அடுப்படியில் போய்க் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொள்வாள். அதை ஏன் இப்போது நினைக்கவேண்டும். மேடம் வந்து கேட்டால் என்ன சொல்வது என்று நினைக்கவேண்டும், அண்ணன் முகத்தை வைத்தேன் என்று சொல்வதா, அப்படிச் சொன்னால் அவளுடைய வேலை போகும், போகட்டும், ஊரில் என்ன சொல்வார்கள், இல்லாத பிள்ளைக்கு முட்டை எழுதித் தின்றவள் என்பார்கள், தின்றவள் என்றுதான் சொல்வார்கள், யார் தின்றார்கள் என்று யாரும் கேட்கப்போவதில்லை. வேலை போனால்கூட அவள் எப்படியோ பிழைத்துக்கொள்வாள், தீப்பெட்டி ஒட்டத் தெரியும். இவன்? இவனுக்கு இந்த முட்டையும் இந்த மாவுந்தான் உடம்பு. தகப்பன் லாரியில் வடக்கே போனால் மாசக்கணக்கு, தாய் விடியற்காலையில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனால் பொழுதடைய வருகிறாள், வீட்டில் ராத்திரிக்கு ஆக்குவது ஒரு கை. இவன் ஓடுகிறானே, இந்த ஓட்டம் இங்கே தின்கிற சோற்றின் ஓட்டம். அவள் போட்ட சோறுதான் இப்படிக் கைக்கு அகப்படாமல் சுற்றிச் சுற்றி ஓடுகிறது.

போன் கையிலேயே அடித்தது. ஹெலன் மேடம். "டீச்சர், சீனிராஜ் முடிஞ்சுதா?" "எடுத்துக்கிட்டே இருக்கேன் மேடம். இங்க கரண்டு இல்ல, பையன் நிக்க மாட்டேங்கான்." "புதுசாப் பதியுறதுக்கு மூணு மணி வரைக்கும் திறந்து வச்சிருக்காங்க. எனக்காக ஒண்ணும் திறக்கல, மேல சொல்லித் திறந்திருக்கு. மூணு அடிச்சா அது தானா மூடிரும். அதுக்கப்புறம் நீங்களும் நானும் தலைகீழா நின்னாலும் முகம் இல்லேன்னா பேரு இல்ல." "மேடம், நீங்களே ஒருதரம் நேர்ல வந்து பாருங்களேன், பிள்ளை இந்தா ஓடிக்கிட்டு இருக்கான், நீங்க பாத்துட்டா..." "நான் பாத்தா ஆகாது டீச்சர். போன் பாக்கணும்." மேடமும் கெட்ட மனுசி இல்லை. குரலில் களைப்பு இருந்தது. "உங்கள மாதிரியே இன்னும் ஏழு சென்டர் பாக்கி கெடக்கு. அங்கயும் இதே அழுகைதான். ஒவ்வொரு இடத்துலயும் ரெண்டு பிள்ளை மூணு பிள்ளை. நீங்களாவது கெட்டிக்காரி, எப்படியாவது முடிப்பீங்கன்னு பாத்தேன்." வைத்துவிட்டாள். எப்படியாவது. அவள் எப்படியாவது முடித்ததுதான் இங்கே வந்து நிற்கிறது. அவள் சீனிராஜைப் பிடித்து மடியில் இறுக்கிக்கொண்டு, ஒரு கையால் அவன் நெற்றியை அழுத்திப் பிடித்து, மறு கையால் போனை நீட்டினாள். அவன் முதலில் சிரித்தான், அப்புறம் நெளிந்தான், அப்புறம் அவன் கண்ணில் ஒரு பயம் வந்தது, இந்தக் கை வழக்கமாகச் சோறு பிசைகிற கைதானே இது ஏன் இப்படி அழுத்துகிறது என்கிற மாதிரி. வட்டம் கையைக் கண்டுபிடித்துவிட்டது. முகத்தை மறைக்க வேண்டாம். மீண்டும் முயற்சிக்கவும். அவள் விட்டுவிட்டாள். விட்ட வேகத்தில் ஓடினான்.

பன்னிரண்டு மணி. பேச்சிக்கனி தட்டுகளைக் கொண்டுவந்து வரிசையாக வைத்தாள். சோறு போடுவதற்கு முன்னால் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறதை ஒரு படம் எடுத்து டீச்சர்கள் குரூப்பில் போடவேண்டும், தினமும் உள்ள வேலை, எடுத்தாள். பிள்ளைகள் தட்டைத் தட்டின, ஒருத்தி முடியை ஒருத்தி இழுத்தாள், படத்தில் பாதி முகம் புகை. இதுவும் புகைதானா என்று பழைய படங்களைத் தள்ளிக்கொண்டே போனாள், எதிலாவது சீனிராஜ் முகம் தப்பித்தவறி நின்றிருக்கிறதா, நின்றிருந்தால் அதையாவது போனுக்குக் காட்டிப் பார்க்கலாமா என்று. படத்தைக் காட்டினால் அது ஏற்காது, உயிருள்ள முகம் சிமிட்ட வேண்டும், அது அவளுக்குத் தெரியும், ஆனாலும் விரல் தள்ளிக்கொண்டே போயிற்று. நேற்று, புகை. முந்தாநாள், புகை. திங்கட்கிழமை. திங்கட்கிழமைப் படத்தில் அவன் இருந்தான். முழுசாக இருந்தான். சுவரில் சாய்ந்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டு, முகம் கண்ணாடியில் எழுதின மாதிரி அவ்வளவு தெளிவு. அவன் மட்டும் இல்லை, பதினேழு முகமும் தெளிவு. அவளுக்குச் சந்தோசமாகக்கூட இருந்தது, வெளிச்சம் நன்றாக இருந்திருக்கும் போல என்று. திங்கட்கிழமையும் மழைதான். அதற்கு முந்தின வாரம் தள்ளினாள். சனி புகை, வெள்ளி புகை, வியாழன் புகை, புதன் புகை, செவ்வாய் கொஞ்சம் புகை. திங்கள் தெளிவு. அதற்கு முந்தின வாரம். திங்கள் தெளிவு. விரல் நின்றுவிட்டது. அடுப்படியில் பேச்சிக்கனி முட்டை உரிக்கிற சத்தம் கேட்டது, ஓடு ஒவ்வொன்றாகத் தகரத்தில் விழுகிற சத்தம். திங்கட்கிழமை பிள்ளைகள் ஏன் ஆடுவதில்லை? பதினோரு வருசமாக இந்த வேலையைப் பார்க்கிறாள், திங்கட்கிழமை என்றால் பிள்ளைகள் அமைதி, அவளே பேச்சிக்கனியிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள், திங்கக்கிழமை மட்டும் தங்கமான பிள்ளைகளா வருதுக என்று. சனிக்கிழமை மத்தியானம் இங்கே தின்றதற்குப் பிறகு திங்கட்கிழமை மத்தியானம் இங்கே தின்கிறார்கள். நடுவிலே ரெண்டு ராத்திரி, ஒரு முழுப் பகல். தங்கமான பிள்ளைகள். அவளுக்கு நெஞ்சுக்குள் ஏதோ ஒரு படி வழுக்கின மாதிரி இருந்தது. பிள்ளைகள் நல்ல பிள்ளைகளாக இருக்கிறார்கள் என்று பதினோரு வருசம் நினைத்தது என்ன, இது என்ன, ஐயோ, இதைப் பேசாமல் பார்க்காமலேயே இருந்திருக்கலாம், ஏன் தள்ளினேன், ஏன் இந்த விரல் தள்ளிற்று.

தெரிந்துவிட்டது, தெரிந்ததைத் தெரியாமல் ஆக்க முடியவில்லை. மனசு என்ன செய்யும், அது மாடு மாதிரி, ஒருதரம் போன தடத்திலேயே போய் நிற்கிறது. வேண்டாம் என்றாள். அப்புறம் மணியைப் பார்த்தாள். இன்னும் மூன்று மணிநேரம் இல்லை. இன்றைக்கு ஒரு நேரம், ஒரே ஒரு நேரம், அதுவும் ரெண்டு மூன்று மணி தள்ளித்தானே, வீட்டில் பெற்ற தாயே சோறு வேக நேரமானால் பிள்ளையை இருக்கச் சொல்ல மாட்டாளா. இந்த ஒரு நேரத்தைத் தள்ளினால் வருசம் முழுக்க உள்ள நேரமெல்லாம் அவனுக்கு நிற்கும். கணக்கு சரியாகத்தான் வருகிறது, எத்தனை தடவை போட்டாலும் சரியாகவே வருகிறது, சரியாக வருகிறதுதான் பயமாக இருக்கிறது. பேச்சிக்கனி சோற்றுச் சட்டியோடு வந்தாள். "பேச்சிக்கா, சீனிக்கு இப்பப் போடாதீங்க." "என்ன?" "இப்பப் போடாதீங்க. போட்டோ எடுத்துட்டுப் போடுவோம்." "அவன் காலைலயும் ஒண்ணும் திங்கல டீச்சரு, வரும்போதே கேட்டேன், அம்மா போயிட்டா, டீத்தண்ணி மட்டும் குடிச்சேன்னு சொன்னான்." "தெரியும். போடாதீங்க." பேச்சிக்கனி சட்டியை இறக்காமல் நின்றாள். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை, பிறகு விளங்கிற்று. மற்ற பதினாறு தட்டிலும் போட்டாள். ஒவ்வொரு தட்டிலும் ஒரு முட்டை. சீனிராஜ் தன் தட்டை ரெண்டு கையாலும் நீட்டினான். "ஆயா, எனக்கு?" பேச்சிக்கனி டீச்சரைப் பார்த்தாள். "உனக்கு டீச்சர் தருவாங்க ராசா," என்று சொல்லிவிட்டு, மறைப்புக்குப் பின்னால் போனவள் வெளியே வரவேயில்லை.

கொஞ்ச நேரம் அவன் அது ஒரு விளையாட்டு என்றுதான் நினைத்தான். தட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடினான். "டீச்சர், தொப்பி!" ஒரு சுற்று. மற்ற பிள்ளைகள் தின்று முடித்துக் கைகழுவிப் பாயில் படுத்தன. ரெண்டாவது சுற்று மெதுவாக வந்தது. ஒரு மணிக்கு அவள் எடுத்தாள், புகை, ஆனால் முன்னைப்போல இழுப்பு இல்லை, மூக்கு எது வாய் எது என்று தெரிந்தது. நல்லது என்று நினைத்தாள், நல்லது என்று நினைத்த நினைப்பைப் பிடித்துக் கீழே தள்ளினாள், அது எழுந்து வந்தது. ஒன்றரைக்கு அவன் அவள் பக்கத்தில் வந்து நின்று, "டீச்சர் பசிக்கி," என்றான். "இந்தா ராசா, இந்த வட்டத்துக்குள்ள பாரு, பாத்துட்டா முட்டை." அவன் பார்த்தான், ஆனால் கால் மாற்றி மாற்றி நின்றான், புகை. "முட்டை எங்க?" "அந்தா வச்சிருக்கு." "ரெண்டா?" "ரெண்டு." அவள் ஏன் ரெண்டு என்று சொன்னாள், யாருக்கு அந்த ஒன்று கூட. அவன் சுவரோரம் போய் உட்கார்ந்தான். ஒரு எறும்பு போயிற்று, அதை விரலால் மறித்தான், எறும்பு சுற்றிக்கொண்டு போயிற்று, அவன் விட்டுவிட்டான். மழை ஒரே சீராகப் பெய்தது. ரெண்டு மணி. ரெண்டேகால். அவள் மனசுக்குள் யாரோ ஒரு பொம்பளை, அவள் குரலிலேயே, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள், பால் பொங்கி வருகிறதா என்று அடுப்பைப் பார்த்து நிற்கிறவள் மாதிரி. ரெண்டரைக்குச் சீனிராஜ் தலையைச் சுவரில் சாய்த்தான். கை ரெண்டும் மடியில் தட்டுக்குள் கிடந்தன. கண் திறந்திருந்தது, அது எதையும் பார்க்கவில்லை.

அவள் தவழ்ந்து போனாள். சத்தம் போடாமல் போகவேண்டிய தேவையே இல்லை, ஆனாலும் தவழ்ந்துதான் போனாள். போனை நீட்டினாள். முகம் வட்டத்துக்குள் வந்தது, வந்து அப்படியே இருந்தது. போன் அதன் கண்ணை மெதுவாகத் திறந்தது, அது எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும், இவன் எங்கும் போகமாட்டான். கண்ணைச் சிமிட்டவும் என்று எழுத்து வந்தது. "சீனி, கண்ணைச் சிமிட்டு ராசா." கொஞ்சம் கழித்து இமை இறங்கிற்று, கொஞ்சம் கழித்து ஏறிற்று. பச்சை. உயிரோட்டம் சரிபார்க்கப்பட்டது என்று போட்டது. பழைய முகம் போய்ப் புது முகம் பதிந்தது. மணி ரெண்டு நாற்பது. படம் திரையில் நின்றது, பூராவும் தெளிவு, ஒவ்வொரு இமைமுடியும் தனித்தனி, உதட்டின் வெடிப்பு, கன்னத்தில் கண்ணீர் வந்து காய்ந்த உப்புக்கோடு, அவன் எப்போது அழுதான், அவள் பார்த்துக்கொண்டேதானே இருந்தாள், எப்போது அழுதான். பதினோரு வருசத்தில் இந்த முகத்தை, இந்த மாதிரிப் பிள்ளை எவனுடைய முகத்தையும், இவ்வளவு நன்றாக அவள் பார்த்ததில்லை.

"பேச்சிக்கா! பேச்சிக்கா!" பேச்சிக்கனி சோற்றை ஏற்கெனவே பிசைந்து கிண்ணத்தில் வைத்துக்கொண்டு மறைப்புக்குப் பின்னாலேயே நின்றிருந்தாள். டீச்சர் கையில் கொடுக்கவில்லை. தானே உட்கார்ந்து, சேலைத் தலைப்பால் அவன் முகத்தைத் துடைத்து, முதல் கவளத்தை ஊட்டினாள். மென்றான். ரெண்டாவது கவளம் போனபிறகு முகத்தைத் திருப்பி டீச்சரைப் பார்த்து, பெரிய காரியம் முடித்தவன் மாதிரி, "டீச்சர், நான் ஆடாம இருந்தேன்ல?" என்றான். "இருந்த ராசா." "நாளைக்கும் ஆடாம இருக்கேன். நாளைக்கும் ரெண்டு முட்டை." பேச்சிக்கனி தலையைத் தூக்கவில்லை. "தின்னுல. பேசாமத் தின்னு," என்றாள், யாரைச் சொன்னாளோ.

சண்முகத்தாய் ஜன்னல் பக்கம் போய் நின்றாள். அடுத்த வீட்டுச் சுவரில் பாசி நனைந்து மினுங்கிற்று. போன் குலுங்கியது. குரூப்பில் ஹெலன் மேடம் குரலில் பேசிப் போட்டிருந்தாள், எல்லாருக்கும் கேட்கும்படி. "சண்முகத்தாய் டீச்சர் சென்டர்ல சீனிராஜ் முடிஞ்சிட்டான். படம் அவ்வளவு தெளிவா இருக்கு. கரண்டு இல்லாம, மழையில எடுத்திருக்காங்க. கெட்டிக்காரி டீச்சர், எப்படி எடுத்தீங்கன்னு மத்தவங்களுக்கும் கொஞ்சம் சொல்லுங்க, இன்னும் இருபது நிமிசந்தான் இருக்கு." அதற்குக் கீழே கும்பிட்ட கைகள், மற்ற டீச்சர்கள். அக்கா சொல்லுங்கக்கா. எனக்கு ரெண்டு பிள்ளை பாக்கி அக்கா. எனக்கு மூணு. என் பிள்ளைக பேரு போயிரும் அக்கா. அவள் மைக்கை அழுத்திப் பிடித்தாள், விரலை எடுத்தால் பேச்சு எல்லாருக்கும் போய்விடும். "வெள்ளைத் துண்டு ஒண்ணு ஜன்னலுக்கு எதிர கட்டுங்க, டப்பாவுல கல்லு போட்டுக் குலுக்குங்க, பிள்ளைக பாக்கும்," என்று சொன்னாள். சொல்லிவிட்டு அனுப்பாமல் அழித்தாள். துண்டுக்கும் டப்பாவுக்கும் எந்தப் பிள்ளையும் நிற்காது. ஏழு சென்டர், ரெண்டும் மூன்றுமாக, எத்தனை பெயர் வரும், பதினெட்டா, இருபதா, எல்லாம் இவனை மாதிரி எங்கேயோ ஓர் இருட்டறையில் ஓடிக்கொண்டிருக்கும், மூன்று மணி அடித்தால் ஓடுகிற நேரத்திலேயே இல்லாமல் போகும். இருபது நிமிசத்தில் அவர்களுக்கு இது உதவாது, தின்று முடித்திருப்பார்கள். ஆனால் முகம் காட்டுகிற நாள் அடுத்த மாசமும் உண்டு. அதற்கடுத்த மாசம் உண்டு. சொல்லாவிட்டால் பெயர் போகும். சொன்னால், சொன்னால் என்ன ஆகும் என்பது அவளுக்குத் தெரியும், இந்த ஜில்லாவில் அவளுக்கு மட்டுந்தான் தெரியும். பின்னால் சீனிராஜ் கிண்ணத்தை விரலால் வழிக்கிற சத்தம் கேட்டது. அவள் மறுபடியும் மைக்கை அழுத்தினாள், வாயைப் போனுக்குக் கிட்டத்தில் கொண்டுபோனாள், பேச்சிக்கனிக்குக் கேட்காத குரலில், "திங்கக்கிழமை எடுங்க, சோறு போடுறதுக்கு முன்னால எடுங்க," என்று சொல்லி, விரலை எடுத்தாள்.